கம்பி அறுந்தால் சிவப்பு

எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் குழந்தைகள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரே பிறகு போய் இன்ஜினில் உட்கார்ந்தார். உட்காரும் முன் என்னிடம் வந்து, தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் பணிவாக ஒன்று சொன்னார்: "சார், அந்த வேப்பமரத்து வளைவு வந்தா மட்டும் பிள்ளைய கொஞ்சம் உள்பக்கமா சாஞ்சுக்கச் சொல்லுங்க. மத்தபடி ஒண்ணும் பயமில்லை."

சாய்ந்துகொண்டோம். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பமும் சாய்ந்தது. அவர்கள் இதற்கு முன்பும் வந்தவர்கள் போலிருக்கிறது. யாரும் சொல்லாமலே சாய்ந்தார்கள்.

இறங்கிய பிறகு வேப்பமரத்தடிக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் பிஷ் பிளேட்டுக்கு நான்கு துளைகள். இரண்டில் போல்ட் இருந்தது. மூன்றாவதில் கட்டுக்கம்பி. நான்காவது காலி. மக்கிப்போன கட்டைக்கு அடியில் தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை ஆப்பாகச் செருகியிருந்தார்கள். அதிலிருந்து பத்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு அழகான ஒரு கைகாட்டி நின்றது. தகட்டில் வெட்டிய கை, கீழே சாய்ந்தபடி, கம்பத்தோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பெயின்ட். மழை வந்தாலும், மாடு படுத்தாலும், தண்டவாளமே காணாமல் போனாலும் அது 'போகலாம்' என்றுதான் சொல்லும். வேறு எதுவும் சொல்ல அதற்கு வழியில்லை.

சின்ன வயதில் காட்பாடி – சித்தூர் – பாகாலா – திருப்பதி தடத்தில் மீட்டர் கேஜ் வண்டியில் போனவர்களுக்குக் கைகாட்டி மரம் நினைவிருக்கும். நாங்கள் அதை வண்டிக்கு வழிவிடுகிற ஒரு மரியாதையாகவே நினைத்திருந்தோம். அதன் உள்விஷயம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்டேஷனில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால், கம்பி இழுபட்டு, கை சாயும். அவர் விட்டுவிட்டால், எடை தானாகக் கையை மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். கம்பி துருப்பிடித்து அறுந்துபோனாலும் அதேதான். 'போகலாம்' என்று சொல்வதற்கு ஒரு மனிதன் உடம்பு வருத்தி இழுக்க வேண்டும். 'நில்' என்று சொல்ல ஆளே வேண்டாம். கெட்டுப்போனால் சிவப்பு காட்டு என்பதுதான் அந்தப் பொறிக்குள் வைக்கப்பட்டிருக்கும் ஒரே கட்டளை.

இந்தப் புத்தியும் சும்மா வந்துவிடவில்லை. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டன் ஊரில் கடும் பனி. அக்காலத்தில் அங்கே கைகாட்டிகள் வழக்கமாகவே 'போகலாம்' நிலையில் இருக்கும். தேவைப்பட்டால்தான் 'நில்' என்று மாற்றுவார்கள். கம்பத்தின் பிளவுக்குள் பனி இறுகிக் கை அசைய மறுத்தது. சிக்னல்மேன் நெம்புகோலைத் தள்ளினார்; உள்ளே அவர் 'நில்' என்றார், வெளியே கம்பம் 'வா' என்றது. விரைவு வண்டி நிலக்கரி வண்டியில் மோதியது. அந்தச் சிதிலத்தின் மேல் இன்னொரு விரைவு வண்டி வந்து ஏறியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்' என்றிருக்க வேண்டும் என்ற ஞானம் பரவியது.

பூங்காவின் கைகாட்டியை விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் பொம்மைப் பிள்ளைகள் அல்ல.

சின்ன ரயிலைப் பற்றி நமக்கு ஒரு நினைப்பு உண்டு: வண்டி சிறியது, ஆபத்தும் சிறியதாக இருக்கும் என்று. கணக்கு நேர்மாறானது. நம் அகலப் பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மில்லி மீட்டர். அதில் விரற்கடை விலகல் ஒரு குறை. அமெரிக்காவில் பொழுதுபோக்காக மினியேச்சர் ரயில் ஓட்டுபவர்கள் பலர் வைத்திருக்கும் இடைவெளி ஏழரை அங்குலம், அதாவது 190 மில்லி மீட்டர் சொச்சம். அதில் அதே விரற்கடை விலகினால் சக்கரம் தரையில். அந்தப் பெட்டியின் மேல் குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து போகும் பெரியவரின் எடை, பெட்டியின் எடையைவிட அதிகமாகக்கூட இருக்கும். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். வண்டியைத்தான் குறுக்க முடிந்தது. மனிதனைக் குறுக்க முடியவில்லை.

இது தெரிந்த சில ஊர்களில் சின்ன ரயிலைப் பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓரிகன் மாநிலத்துச் சிலோக்வின் ஊரருகே 'டிரெயின் மவுன்டன்' என்ற இடத்தில் ஏழரை அங்குலப் பாதை பைன் காட்டுக்குள் பல மைல் ஓடுகிறது. உலகின் நீளமான பொழுதுபோக்கு மினியேச்சர் ரயில்பாதை என்று 2004-இல் கின்னஸ் அதைப் பதிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1956-இல் தொடங்கிய இப்படிப்பட்ட ஒரு கழகத்தின் தொடக்க உறுப்பினர்களில் வால்ட் டிஸ்னியும் ஒருவர். அங்கெல்லாம் கட்டை மாற்றுவதும், ஜல்லி அள்ளுவதும், தடம் மாற்றும் பாயிண்ட்டுக்கு எண்ணெய் விடுவதும், சிக்னல் கம்பியைச் சரிபார்ப்பதும் சம்பளம் வாங்காதவர்கள். வாரக் கடைசியில் முழங்காலில் நின்று திருகு முடுக்கிவிட்டு, திங்கட்கிழமை அலுவலகம் போகிறவர்கள்.

இந்தத் தன்னார்வத் தொழிலுக்கு மூலஸ்தானம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. டாலிலின் ரயில்பாதை. அது மினியேச்சர் அல்ல, குறும்பாதை. அகலம் 686 மில்லி மீட்டர், நம் பழைய மீட்டர் கேஜில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1860-களில் பலகைக்கல் ஏற்றுவதற்காகப் போட்டது. கடைசி உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று நட்டத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். 1950-இல் அவர் காலமானார். பிரிட்டனின் ரயில்களையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்கத்தக்கதாக ஏதும் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர், பொறியாளரும்கூட, இந்தப் பாதையைக் காப்பாற்றப் பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டார். 1951 மே மாதம், தன்னார்வலர்கள் ஓட்டும் உலகின் முதல் ரயிலாக அது கிளம்பியது. கிளம்பியது என்ற சொல் சற்று அதிகப்படி. ஓடும் நிலையில் இருந்தது ஒரே இன்ஜின், அதுவும் கிழடு. கட்டைகள் உளுத்துப்போயிருந்தன, தண்டவாளத்தை இடத்தில் பிடித்துவைத்திருந்தது பெரும்பாலும் புல். பக்கத்தில் மூடப்பட்ட இன்னொரு ரயில்பாதையிலிருந்து இரண்டு இன்ஜின்கள் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது அது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இறங்கி உட்கார்ந்துகொண்டது. சக்கரத்தின் ஓடுபரப்பு சற்று ஒடுக்கம். பாதையோ உரிய அளவைவிட அகன்றிருந்தது. பழைய இன்ஜின் இத்தனை காலம் அந்த விரிவைச் சொல்லாமலே ஓடியிருக்கிறது. புதிதாக வந்தது முதல் நாளே சொல்லிவிட்டது.

அந்தத் தன்னார்வலர்களில் ஒருவர் வில்பர்ட் ஆட்ரி. நம் வீட்டுக் குழந்தைகள் பார்க்கும் 'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய பாதிரியார். 1952-இல் கார்டு வேலைக்குப் போனவர், சிற்றுண்டி விற்கும் அம்மையார் ஏறாததைக் கவனிக்காமல் பச்சைக்கொடி காட்டிவிட்டார். அந்தத் தவறை அவர் பிற்பாடு கதையாக்கிவிட்டார். சின்னப் பிழை, சின்னக் கதை. எல்லாப் பிழைகளும் கதையாக முடிவதில்லை. அதே வேல்ஸில், ஆபர்மியூல் ஸ்டேஷனில், 1921-இல் நடந்ததை யாரும் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. ஒற்றைப் பாதை. அந்தந்தத் துண்டுக்குரிய டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். தவறான டோக்கன் ஸ்டேஷன் ஆட்களிடம் கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேர்ந்தது. அதில் பொறித்திருந்த பெயரை ஒருவரும் படிக்கவில்லை. இன்னொருவர் படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 17 பேர் இறந்தார்கள். டோக்கனைக் கைமாற்றியவர்கள் அத்தனை பேரும் சம்பளக்காரர்கள், விதி தெரிந்தவர்கள்.

ஆகவே சம்பளம் வாங்காதவன் உத்தமன், வாங்குகிறவன் அசட்டை என்று நான் சொல்ல வரவில்லை. இன்று பிரிட்டனில் இப்படிப்பட்ட ஒரு ரயிலில் சிக்னல் பெட்டியில் நிற்க விரும்பும் ஓய்வுபெற்ற வாத்தியாரும், விதிப் புத்தகம் படித்து, பழகி, தேர்வு தந்து, பெயர் பதிந்த பிறகுதான் நெம்புகோலைத் தொட முடியும். அரசின் ரயில் பாதுகாப்பு அமைப்பு வந்து பார்க்கும். "நான் சும்மா உதவிக்கு வந்தவன்தானே" என்ற வாக்கியத்தை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கூலியை விட்டவர் பொறுப்பை விடவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அப்படியும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் 1927 முதல் 15 அங்குலப் பாதையில் ஓடும் ராம்னி – ஹைத் – டிம்சர்ச் ரயிலில், 2003-இலும் 2005-இலும், லெவல் கிராசிங்கில் கார்கள் மோதி இரண்டு இன்ஜின் டிரைவர்கள் இறந்தார்கள். தண்டவாள அகலம் 381 மில்லி மீட்டர். மரணம் முழு அளவு. அதன்பின் கிராசிங்குகளுக்குத் தடுப்புக் கம்பம் வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் ஊரைப் பார்த்தால், தன்னார்வலருக்குப் பஞ்சமே இல்லை. உலகத்தில் வேறெந்த ஊரையும்விட எங்களுக்கு இதில் கூடுதல் தேர்ச்சி என்றுகூடச் சொல்வேன். திருமலையில் 2000-இல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் விடுப்புப் போட்டு வருகிறார்கள். அன்னதானக் கூடத்தில் காய் நறுக்குகிறார்கள், இலை எடுக்கிறார்கள், வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்கள். 2012 முதல் பரகாமணி சேவையில் உட்கார்ந்து உண்டியல் காசை எண்ணித் தருகிறார்கள். தன் வீட்டில் காப்பி டம்ளரைக் கழுவி வைக்காத மனிதர் அங்கே அண்டா கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் கை உண்மையான கை. பெருமாளுக்கு என்றால் நீளும். பொதுப் பூங்காவில் தளர்ந்த போல்ட்டுக்கு என்றால் சட்டைப்பைக்குள் போய்விடும். காரணமும் எளிது. அங்கே ஒரு தலைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கை இருக்கிறது. போல்ட்டை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் காலத்தில் பார்த்தார்கள். எங்கள் சித்தூர், 1911 வரை பெரும்பகுதி வடஆற்காட்டோடு இருந்த பூமி. ஏரிப் பாசனப் பூமி. மதகும் கரையும் கால்வாயும் ஊராரே பராமரிக்கும் குடிமராமத்து முறை இங்கே புழங்கியது. அதற்கும் முன்னால் பார்த்தால், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையை 921-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் வேண்டும். கல்வி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக்கூடாது. அவனுடைய உறவினரும் வரக்கூடாது. ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இத்தனை நிபந்தனை. ஆசை இருக்கிறது என்பதை அந்தக் கல்வெட்டு ஒரு தகுதியாகவே எண்ணவில்லை. நாம் 'தன்னார்வலர்' என்று சொல் உண்டாக்கியபோது ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்கைக் கல்லிலேயே விட்டுவிட்டோம்.

பழமையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். உத்திரமேரூர்ச் சபைக்கு வெளியே நின்றவர்கள்தான் அதிகம். குடிமராமத்தில் கடமை நிலம் உள்ளவன் பெயரில் இருக்கும். மண்கூடை நிலம் இல்லாதவன் தலையில் இருக்கும். 1858-இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு, ஊரார் மனமுவந்து செய்வதாகச் சொல்லப்பட்ட வேலைக்கு, செய்யாவிட்டால் தண்டனை என்றும் சேர்த்தது. மனமுவந்து செய்வதற்குக் கட்டாயம் எதற்கு என்று சட்டம் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை தேடி இளைஞர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் மாவட்டத்தில், சம்பளமில்லாத உழைப்பைப் புகழ்வதற்கு முன் நாக்கைச் சற்றுக் கடித்துக்கொள்ள வேண்டும். கீமேன் வேலைக்குத் தன்னார்வலர் போதும் என்று நாளை யாராவது கிளம்பினால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன்.

கீமேன் என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, வெடிவில்லை எல்லாம் தூக்கிக்கொண்டு, தனக்கென்று குறித்த சில கிலோமீட்டரை நாள்தோறும் நடக்கிறவர். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார். வரும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டு வருவார். தளர்ந்ததை முடுக்குவார், கழன்றதை அடித்து ஏற்றுவார், தன்னால் ஆகாதது என்றால் கொடியை நட்டு வண்டியை நிறுத்துவார். சந்திரகிரி தாண்டி ஒரு வெயில் நேரத்தில், வண்டி மெதுவாகப் போகையில், ஜன்னலோரமாக அப்படி ஒருவரைப் பார்த்தேன். வண்டி நெருங்க ஒதுங்கி நின்று, எங்கள் முகங்களைப் பார்க்காமல் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போகும் கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு அவரைக் கடந்தது. அன்றைக்கு அந்தப் பாதையில் நடந்த சேவைக்குக் கோஷம் கிடையாது.

அந்த மனிதரின் நடையையும், கெட்டால் சிவப்பு என்ற விதியையும் நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது, அவற்றில் ஒன்று பொய்க்கும் நாளில்தான் தெரிகிறது. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பாகாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை. பாயிண்ட் மட்டும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் சரக்கு வண்டி நின்றது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முன்பொருமுறை சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றத்திலும், அன்றைக்கு லெவல் கிராசிங் தடுப்புக்காக நடந்த வேலையிலும் குறை இருந்தது என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. எங்கோ ஒரு பெட்டிக்குள் சில கம்பிகள், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருந்திருக்கின்றன. அவை சிவப்பு காட்டவில்லை. கைகாட்டியைத் திருத்தியவர்கள் 1876-இல் பயந்த அதே பயம், கணினிக் காலத்தில், பச்சை விளக்காக எரிந்தது.

இதை ரயில்வேக்காரர்களின் குற்றம் என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நம் பொது வாழ்க்கையில் எத்தனை கைகாட்டிகள் பற்றவைத்த கையோடு நிற்கின்றன! லிப்டுக்குள் தொங்கும் காலாவதியான சான்றிதழ், பள்ளி வேனின் தகுதிச் சீட்டு, திருமண மண்டபத்தில் தூசி படிந்த தீயணைப்புக் குடுவை. எல்லாம் பச்சை. உள்ளே கம்பி அறுந்து எத்தனை காலமோ. அறுந்தது தெரிந்தவரும், டிக்கெட் கிழித்தவர் எனக்குச் சொன்னதுபோல், காதருகே வந்து பணிவாகச் சொல்கிறார்: கொஞ்சம் உள்பக்கமா சாஞ்சுக்குங்க. நாமும் சாய்ந்துகொள்கிறோம். இந்தச் சாய்வுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பொறுமை. நானும் புகார் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, தண்டவாளங்களைப் பற்றி நிறையப் படித்தேன்.

தன்னார்வலர் என்ற சொல்லுக்கு நான் விரும்பும் பொருள் இங்கிருந்துதான் தொடங்குகிறது. போல்ட்டைக் கழற்றி மாட்டும் உரிமை நமக்கு வேண்டாம். அது பயின்றவர் வேலை, அதற்குக் கூலி உண்டு. ஆனால் கைகாட்டியின் எடை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை ஊராருடையது. கெட்டதைக் கெட்டது என்று காட்டவிடுவது. 'பழுது, ஓடாது' என்று எழுதி மாட்டினால் அந்த டிக்கெட்காரரின் அன்றைய வரும்படி போகும். அவரைத் திட்டாமல், மாட்டச் சொல்லி, மாட்டியதற்கு நன்றியும் சொல்ல ஆள் வேண்டும். டாலிலின்காரர்கள் முதலில் செய்ததும் இதைத்தான்: தங்கள் பாதை அகன்றிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

திருப்பதி – பாகாலா – காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் தந்தது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். புதிய தண்டவாளம் வரும், புதிய சிக்னல் வரும். அதன் ஓரமாகவும் யாரோ ஒருவர் சுத்தியலோடு தினமும் நடக்க வேண்டியிருக்கும்.

எங்கள் பூங்காவில் ரயில் இன்னும் ஓடுகிறது. உங்கள் ஊரிலும் ஓடலாம். அடுத்த முறை பிள்ளையை ஏற்றும் முன், டிக்கெட் கொடுப்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இன்றைக்குக் காலையில் பாதையை நடந்து பார்த்தது யார்? ஒரு பெயர் பதிலாக வந்தால் ஏற்றுங்கள். "ஒண்ணும் பயமில்லை" என்று வந்தால், பிள்ளைக்கு ஓர் ஐஸ் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.